குமிழ்ப் பலகையில் ஆறு இதழ்

கரண்டு ஒன்பது மணிக்குப் போனது, இரண்டு மணிக்குத்தான் வரும். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பராமரிப்பு என்று சொல்லிப் பாளையங்கோட்டையில் இந்த நாலு தெருவுக்கும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே மோட்டார் மிஷின் ஓடாது, ஆகவே தைக்க முடியாது, ஆகவே கட்டிங் டேபிளில் துணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரப்பலகையை வைத்துக்கொண்டு சுகிர்தா உட்கார்ந்திருப்பதை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. மூன்று ஆகவே போட்டும் மனசு ஒப்பவில்லை. ஹூக் வைக்க வேண்டிய ஜாக்கெட் பதினொன்று அலமாரியில் தொங்குகிறது. ஹூக் வைக்கக் கரண்டு எதற்கு, ஊசியும் நூலும் போதாதா, இருபத்து நாலு வருஷமாகத் தையல்காரியாக இருக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறாள். கடைக் கதவைப் பாதி சாத்தி, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளையின் குறுகுறுப்போடு, நாற்பத்து மூன்று வயதில். மணி பதினொன்றரை. நாலு மணிக்கு அவர் வருவார். அந்த நினைப்பு வந்ததும் பென்சிலை எடுத்து, ஏற்கெனவே போட்டிருந்த கோட்டின் மேலேயே இன்னொரு தரம் போட்டாள். நாலு மணிக்கு வருகிறவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். கட்டிக்கிடுதேன், அல்லது மாட்டேன். நடுவில் ஒன்றும் கிடையாது. ஆனால் அதற்கு நாலரை மணி நேரம் இருக்கிறது, வட்டத்துக்குள்ளே ஆறு இதழ் இருக்கிறது, ஒன்றுகூட இன்னும் வெட்டவில்லை, முதலில் இதழ்.

இந்தக் கிறுக்கு பிடித்து ஆறு வாரம் ஆகிறது. ஜாக்கெட்டுக்குப் பின்கழுத்து மாடல் பார்க்கப் போனை விரலால் தள்ளிக்கொண்டே போனபோது, படகுக் கழுத்துக்கும் பானைக் கழுத்துக்கும் நடுவில் யாரோ ஒருவருடைய இரண்டு கைகள் வந்தன. முகம் இல்லை. பேச்சு எந்த நாட்டுப் பேச்சோ, ஒரு எழுத்தும் விளங்கவில்லை. குட்டையான கத்தி ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து பலகைக்குள் இறங்கியது, மறுபக்கம் சாய்ந்து இறங்கியது, ஒரு சில்லு டுக்கென்று எழும்பி விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு இதழ் இருந்தது. சுகிர்தா அதைத் திரும்பப் பார்த்தாள், திரும்பப் பார்த்தாள், மத்தியானச் சோறு ஆறிப்போகும் மட்டும் பார்த்தாள். எதையும் சேர்க்கவே இல்லையே, எடுக்கத்தானே செய்தார்கள், எடுத்த இடத்தில் எப்படிப் பூ வந்தது? தையலில் வெட்டுவதெல்லாம் சேர்ப்பதற்குத்தான். வெட்டிய துணியைச் சேர்த்துத் தைக்காவிட்டால் அது வெறும் கந்தல். இங்கே வெட்டினால் முடிந்தது, வெட்டியதுதான் பொருள். சிப் கார்விங் என்று பேர் போட்டிருந்தது. சில்லுச் செதுக்கல் என்று அவளாக மனசுக்குள் ஒரு பேர் வைத்துக்கொண்டாள். மிஷின் மெக்கானிக் தனசிங் எண்ணெய் போட வந்தபோது, பதினோரு வருஷமாக மாதம் ஒரு தரம் வருகிறவர், “இப்படி ஒரு சின்னக் கத்தி எங்கயாவது கெடைக்குமா?” என்று போனைக் காட்டிக் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இரும்பு அறுக்கிற ஹாக்ஸா பிளேடை உடைத்து, சாணையில் தீட்டி, கொய்யாக் கட்டையில் பிடி போட்டு நாலாம் நாள் கொண்டுவந்து கொடுத்தார். “பழைய தோல் பெல்ட்டு இருந்தா அதுல இழுத்து இழுத்து வச்சுக்கிடுங்க, மொட்டக் கத்திதான் கையக் கிழிக்கும், கூரா இருந்தா சொன்ன பேச்சக் கேக்கும்.” அவ்வளவுதான் சொன்னார். பிடி அவள் உள்ளங்கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. எப்போது அளவெடுத்தார், எப்போது பார்த்தார் இந்தக் கையை என்று அன்றைக்கே அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கத்தி கிடைத்த குஷியில் தேக்குத் துண்டு ஒன்றில் குத்திப் பார்த்தாள், தேக்கு அசையவில்லை, கத்தி சறுக்கிக்கொண்டு போய் மேசையில் நட்டுக்கொண்டு நின்றது. எதிர்வீட்டுக்குக் கதவு செய்துகொண்டிருந்த ஆசாரி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “தேக்கெல்லாம் நமக்கு வேண்டாம்மா, இதக் கொண்டு போங்க, குமிழு மரம், மெதுவா இருக்கும், கத்திக்குப் பணியும்” என்று முக்கால் அடிப் பலகை நாலு கொடுத்தார். வெளுத்த மஞ்சள் நிறம். மூக்கில் வைத்தால் லேசாக ஒரு வாசனை, பிரித்த புதுத் துணிக் கட்டின் வாசனைக்குக் கிட்டத்தில் வரும், ஆனால் அது இல்லை.

முதல் பலகையை அவள் பாழாக்கிய கதை வேறு யாருக்கும் தெரியாது, தெரிந்தால் ஊரிலுள்ள தையல்காரர்கள் எல்லாரும் தலையிலடித்துக்கொண்டு, “நாங்களும் இதத்தான் செஞ்சிருப்போம்” என்பார்கள். காம்பஸை வைத்து வட்டம் போட்டு, வைத்த அகலம் மாறாமல் ஆறு தரம் சுற்றி இதழ்களை வரைந்தாள், அதுவரைக்கும் சரி. வரைந்ததும் கை தன் பாட்டுக்குப் போய் சாக்குக்கட்டியை எடுத்துவிட்டது. ஒவ்வொரு இதழையும் சுற்றி வெளியே கால் இஞ்ச் தள்ளி இன்னொரு கோடு. தையலுக்குத் துணி விட வேண்டாமா? மார்ஜின் விடாமல் வெட்டுகிறவள் தையல்காரியா? நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்து விட, இளைத்தால் பிடிக்க, மனசு மாறினால் மாற்ற, எல்லாவற்றுக்கும் உள்ளே கொஞ்சம் துணி மடங்கிக் கிடக்க வேண்டும். கை அந்த வெளிக்கோட்டிலேயே வெட்டியது. இரண்டாவது இதழ் முதல் இதழைத் தின்றது, மூன்றாவது இரண்டாவதைத் தின்றது, நடுவில் ஆறு முனையும் சேர வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது, பல்லாங்குழிக்கு வேண்டுமானால் ஆகும். பலகையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு விளங்கியது. மரத்தில் உள்ளே மடித்துவைக்க இடமே இல்லை. கோடு என்றால் கோடுதான். விளங்கியதும் சிரிப்பு வந்தது, சிரித்து முடிக்கும்போது சின்னதாக ஒரு பயமும் வந்தது, ஏனென்றால் மார்ஜின் விட்டது இந்தப் பலகையில் மட்டும் இல்லை. “பாக்கலாம்.” இதுதான் அவளுடைய மார்ஜின். வெள்ளிக்கிழமைக்குள் தந்துவிடுவாயா என்றால் பாக்கலாம். தங்கச்சி வீட்டுக்கு ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போ என்றால் பாக்கலாம். மூன்று மாப்பிள்ளைகள் மூன்று வெவ்வேறு வருஷங்களில் வந்தார்கள், மூன்று பேரும் நல்லவர்கள், அப்பாவுக்குச் சுகமில்லை, தங்கச்சி படிக்கிறாள், தங்கச்சிக்கு முதலில் முடியட்டும், பாக்கலாம் பாக்கலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவரவர் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டார்கள். அதில் இரண்டு பேருடைய மனைவிமாருக்குக் கல்யாண ஜாக்கெட் தைத்தது சுகிர்தாதான். நன்றாக மார்ஜின் விட்டுத் தைத்தாள். இரண்டு பேரும் பிரசவத்துக்குப் பிறகு வந்து, “நல்ல வேள, துணி உட்டிருந்திய” என்று பிரித்துவாங்கிக்கொண்டு போனார்கள்.

இன்றைக்கு வெட்டப்போவது நாலாவது பலகை. இரண்டாவதில் முக்கோணச் சில்லு எடுத்துப் பழகினாள், மூன்று பக்கமும் சாய்த்து மூன்று வெட்டு, மூன்றாவது வெட்டில் சில்லு தானாக எழும்பும். முதல் சில்லு எழும்பி மூக்குக் கண்ணாடியில் அடித்தபோது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மூன்றாவதில் நாரின் ஓட்டம் பிடிபட்டது. இதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. துணியில் நேர் உண்டு, குறுக்கு உண்டு, மூலைவாக்கில் போகிற கிராஸ் உண்டு, கிராஸில் வெட்டினால் துணி எப்படி இழுபட்டு வளையும் என்று அவள் விரலுக்குத் தெரியும், மரத்திலும் அதேதான், நேரில் போனால் கத்தி வழுக்கிக்கொண்டு ஓடும், குறுக்கில் போனால் கடிக்கும், கிராஸில் ஒரு பக்கம் பணியும் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். அதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்கு உண்டான சந்தோஷத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அட, உன்னை எனக்குத் தெரியுமே என்று பலகையைத் தட்டிக்கொடுத்தாள். இப்போது முதல் இதழ். பெருவிரல் பலகையில் ஊன்ற வேண்டும், கத்தியும் கையும் ஒரே சாய்வில் நிற்க வேண்டும், முனையில் மேலாக ஆரம்பித்து நடுவில் அழுத்தி அடுத்த முனையில் மேலே ஏறி வந்துவிட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கத்தி இறங்கியது. கர்ர் என்று ஒரு சின்னச் சத்தம், சத்தம்கூட இல்லை, விரலுக்கு மட்டும் கேட்கிற ஒன்று. பலகையைத் திருப்பி மறுபக்கம். அடியில் இரண்டு வெட்டும் சந்தித்த இடத்தை அவளால் பார்க்க முடியவில்லை, ஆனால் சந்தித்தது தெரிந்தது. கத்தி முனையால் லேசாக நெம்பியதும் சில்லு ஒரு துண்டாக, முழுசாக, சின்னப் படகாக எழும்பி வந்து அவள் மடியில் விழுந்தது. பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கச் சரிவில் விழுந்து மறுபக்கம் நிழலாக, பலகைக்குள் ஒரு இதழ். ஆண்டவரே, என்று வாய்விட்டுச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் ஜாக்கெட் தைத்தாயிற்று, ஒவ்வொன்றும் இன்னொருத்தி உடம்பின் அளவு, இன்னொருத்தி கொண்டுவந்த துணி, இன்னொருத்தி போய்ச் சேர வேண்டிய கல்யாணம். இந்த ஒன்று யாருக்கும் இல்லை. யாரும் வந்து இடுப்பில் பிடிக்கிறது என்று சொல்லப்போவதில்லை.

இரண்டாவது இதழுக்குக் கத்தியை வைத்தபோது போன செவ்வாய்க்கிழமை வந்து குறுக்கே நின்றது. கூப்பிடாமலே வருகிறது ஒரு வாரமாக. தனசிங் தரையில் உட்கார்ந்து, தலையை மிஷினுக்கு அடியில் விட்டுக்கொண்டு, பாபின் போடுகிற இடத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். தலை வெளியே வரவில்லை, பேச்சு மட்டும் வந்தது. “டெய்லரம்மா, எங்க வீட்டுல ரெண்டு ரூம் கெடக்கு. அம்ம போன பொறவு ஒண்ணு சும்மாதான் கெடக்கு. கெழக்க பாத்து பெரிய ஜன்னலு. வெளிச்சம் நல்லா உழும். மிஷினப் போட்டா கண்ணுக்கு நல்லா இருக்கும்.” சுகிர்தா பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே, “கடைய மாத்தவா சொல்லுதிய? இங்க வாடிக்கையெல்லாம் பழகிட்டாங்களே” என்றாள். மிஷினுக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவர் நாலைந்து சுற்றுச் சுற்றியது. பிறகு, “நான் மிஷின மட்டும் சொல்லல” என்றது பேச்சு. காஜா எடுத்த நூல் முடிச்சு விழுந்தது. நாற்பத்தேழு வயது மனுஷன், தாயாருக்குக் கடைசி மட்டும் கஞ்சி ஊட்டிக் கரை சேர்த்தவர், கடையில் வேறு யாருமே இல்லை, அப்படியிருந்தும் மிஷினைச் சாட்சி வைத்துக்கொண்டுதான் கேட்க முடிந்திருக்கிறது அவரால். அவள் என்ன சொன்னாள்? வேறென்ன சொல்வாள்? “பாக்கலாம்.” சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் தலையை வெளியே எடுத்து, நெற்றியில் எண்ணெய்க் கறையோடு, கோபமும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல், “சரி, அடுத்த செவ்வா நாலு மணிக்கு வாரேன், சொல்லுங்க” என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிஷினின் ஒரு ஸ்க்ரூவை மாட்ட மறந்துவிட்டுப் போயிருந்தார், பதினோரு வருஷத்தில் முதல் தரம். இரண்டாவது இதழ் எழும்பியது. இதுவும் முழுசு. மூன்றாவது முனையில் கொஞ்சம் நார் பிசிறியது, பரவாயில்லை, பிசிறைக் கத்தியால் தொட்டு எடுத்தாள்.

போன் அடித்தது. தங்கச்சி பியூலா, தூத்துக்குடியிலிருந்து, இந்த வாரத்தில் ஒன்பதாவது தரம். கத்தியைக் கீழே வைக்காமல் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். “யக்கா, இன்னைக்கு செவ்வாக்கெழம.” “எனக்குத் தெரியாதாட்டி?” “என்ன சொல்லப் போற?” வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, “நான் பூ வெட்டிட்டு இருக்கேன்” என்றாள் சுகிர்தா. “பூவா? மால கெட்டவா? அதுக்குள்ளயா?” என்று பியூலா கத்திய கத்தலில் போன் நழுவியது. மரப்பூ என்று விளக்கிச் சொல்லவேண்டி வந்தது. “நல்லா மரத்த வெட்டு, மனுசன அங்க நிக்க வையி. யக்கா, ஒண்ணு கேக்கேன், நீ அவாள எப்பவும் அண்ணாச்சி அண்ணாச்சின்னுதான கூப்புடுவ? கோயில்ல மால மாத்தும்போது, கொஞ்சம் குனியுங்க அண்ணாச்சின்னுருவியா?” சுகிர்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இந்த நாசமாய்ப் போனவள் சொல்லிய சொல்லில் கத்தி ஆடிவிடக் கூடாதே என்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அதுவும் ஒரு வாரமாக உறுத்திய விஷயம்தான். திருநெல்வேலிச் சீமையில் மூத்த ஆண்பிள்ளை என்றால் அண்ணாச்சிதான், பலசரக்குக் கடைக்காரர் அண்ணாச்சி, பால்காரர் அண்ணாச்சி, மெக்கானிக்கும் அண்ணாச்சி. அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அந்த மனுஷனை ஒரு மனுஷனாகப் பார்க்காமல் பதினோரு வருஷத்தை ஓட்டியாயிற்று. மழைக்கு ஒதுங்கி நின்றபோதெல்லாம் கடைக்குள்ளே வராமல் படியிலேயே நின்றவர். டீ வாங்கி வந்தால் முதல் தம்ளரை அவள் பக்கம் தள்ளிவிட்டுத்தான் தன்னுடையதை எடுப்பவர். இதெல்லாம் அப்போதே கண்ணில் பட்டிருக்கிறது, இல்லாவிட்டால் இன்றைக்கு எப்படி ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது? “நீ சொல்லுததச் சொல்லு, ஆனா அந்தப் பாக்கலாம மட்டும் சொல்லிராத, நான் அழுதுருவேன்” என்றாள் பியூலா, இப்போது விளையாட்டு இல்லாத குரலில். சரிட்டி என்று போனை வைத்தாள்.

நாலாவது இதழ் வரும்போது கரண்டு வந்தது. வந்த வேகத்தில் தலைக்கு மேலே காற்றாடி சுற்ற, மேசையில் கிடந்த சில்லும் பிசிறும் எல்லாம் பறந்து ஜாக்கெட்டுகளிலும் நூல்கண்டுகளிலும் அவள் தலைமயிரிலும் போய் ஒட்டிக்கொண்டது. மிஷினின் சின்ன பல்பு எரிந்தது. எழுந்திரு, ஓடு, தைக்க உட்கார் என்று இருபத்து நாலு வருஷத்துப் பழக்கம் அவள் முழங்காலைத் தட்டியது. முழங்கால் எழும்பவில்லை. காற்றாடியை மட்டும் எட்டி நிறுத்தினாள். பாதிக் கதவுக்குள்ளே மெர்சி டீச்சர் தலையை நீட்டி, “சுகிர்தா, கரண்டு வந்துட்டுல்லா, என் ஜாக்கெட்டு?” என்றவர் பலகையைக் கண்டுவிட்டு உள்ளேயே வந்தார். விரலால் தடவிப் பார்த்தார். “இது எதுக்கு?” “ஒண்ணுக்கும் இல்ல டீச்சர், சும்மா.” “சும்மாவா இவ்வளவு அழகா செய்வாங்க? சுவத்துல மாட்டவா? தட்டா?” “சும்மாதான் டீச்சர்.” டீச்சர் அவள் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார், தலையிலிருந்த சில்லு ஒன்றை எடுத்துக் கீழே போட்டார், நாளைக்கு வாரேன் என்று தானாகவே போய்விட்டார். ஐந்தாவது இதழ் குறுக்கு நாரில் வந்தது, கத்தியைத் தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு இழுத்துவிட்டு மெல்ல, மெல்ல, இரண்டு தடவையாக அழுத்தி எடுத்தாள். மணி மூன்றேகால். கை சூடாகிவிட்டிருந்தது, பெருவிரல் நுனி சிவந்திருந்தது. காது ஓரத்தில் வேர்வை. உள்ளே மட்டும் என்னவோ குளுகுளுவென்று இருந்தது, இப்படி ஒரு சந்தோஷத்தை இந்த வயதில் யார் கொண்டுவந்து வைத்தார்கள், காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஐந்து சின்னப் பள்ளம், அவ்வளவுதான்.

ஆறாவது இதழ்தான் கஷ்டம். முதல் ஐந்துக்கும் பக்கத்தில் கட்டை இருந்தது, சாய இடம் இருந்தது. ஆறாவதுக்கு இரண்டு பக்கமும் ஏற்கெனவே வெட்டிய பள்ளம், நடுவில் நூல் கனத்துக்கு நிற்கிற வரம்பு, கொஞ்சம் கூட அழுத்தினால் வரம்பு போகும், கொஞ்சம் குறைத்தால் சில்லு எழும்பாது. இதை வெட்டாமல் விட்டால் என்ன என்று தோன்றியது. ஐந்து இதழ்ப் பூவும் பூதானே. நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம். வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கும் நேரத்தில், கை களைக்காமல் இருக்கும்போது, பாக்கலாம். அந்தச் சொல்லைப் பிடரியைப் பிடித்து நிறுத்தினாள். எதற்குப் பயப்படுகிறாய் சுகிர்தா, என்று கேட்டுப் பார்த்தாள். சரியாக வராது என்றா? வராவிட்டால் பிரிக்க முடியாது என்று. அதுதான். தனியாக இருந்து பழகிவிட்டது, தன் நேரத்துக்குத் தின்று, தன் நேரத்துக்குத் தூங்கி, ரேடியோவைத் தன் இஷ்டத்துக்குச் சத்தமாக வைத்து. அவர் வீட்டுக்குப் போய் மூன்றாம் மாதம் அந்த மனுஷன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வாள், தான் பேசுகிற பேச்சு அவருக்குத் தலைவலியாகிவிட்டால் என்ன செய்வாள், நாற்பத்து மூன்றில் போய் ஒருத்தர் வீட்டு அடுப்பில் எந்த டப்பாவில் சீனி இருக்கிறது என்று தேடுகிறதா, ஊரெல்லாம் சொன்ன பிறகு திரும்பி வந்து இந்தக் கடையை எந்த முகத்தோடு திறக்கிறது. கத்தி கோட்டில் நின்றது. கையை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. பிறகு எப்போது அழுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு பக்கம் இறங்கியது. பலகையைத் திருப்பினாள். மறுபக்கம் இறங்கும்போது, கடைசியில், நடுப்புள்ளிக்குக் கிட்டத்தில், டிக் என்று ஒரு சத்தம். ஆறாவதுக்கும் முதல் இதழுக்கும் நடுவிலிருந்த வரம்பின் முனை, அரிசி அளவுக்கு, உடைந்து பறந்துவிட்டது. கை மேசையில் துழாவிக்கொண்டு போனது, என்னத்தைத் துழாவுகிறது என்று குனிந்து பார்த்தால், தையல் பிரிக்கிற ஊசியை. மரத்தைப் பிரிக்க ஊசி தேடுகிறாள்! சிரிக்க ஆரம்பித்தாள். தனியாக ஒரு கடைக்குள் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வர ஒருத்தி சிரித்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள், சொல்லட்டும். சில்லை நெம்பி எடுத்தாள். ஊதினாள். ஆறு இதழ். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் ஒரு சின்னக் காயம். பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்தது உடைந்ததுதான், ஒட்டப்போவதில்லை, பயந்த காரியம் நடந்தே விட்டது, நடந்த பிறகும் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். அதுதான் ஆச்சரியம், உடைந்த பிறகும் கொஞ்சம்கூடக் குறையவில்லை.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தனசிங்கின் டி.வி.எஸ். வந்து நின்ற சத்தம் கேட்டது. சலவை மடிப்புக் கலையாத சட்டை. கையில் சாமான் பை இல்லை. படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை, மிஷினைப் பார்த்தார், அதற்கடியில் தலையை விட முடிந்தால் தேவலை என்கிற மாதிரி. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே தொடங்கிவிட்டார், வண்டியில் வரும்போது மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார் போல. “டெய்லரம்மா, நான் அவசரப்படுத்திட்டேனோன்னு இருக்கு. ஒரு வாரத்துல என்னத்த யோசிக்க முடியும். நீங்க ஆறு மாசம் எடுத்துக்கிடுங்க. ஒரு வருசம்னாலும் சரிதான். நான் எப்பவும்போல மாசா மாசம் வருவேன், எண்ணெ போடுவேன், போவேன். ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன்.” எவ்வளவு நல்ல மனுஷன். சுகிர்தாவின் தோள் தளர்ந்தது, ஒரு வருஷம், ஒரு முழு வருஷம் விரித்துப் போட்ட துணி மாதிரி முன்னால் கிடந்தது, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை, அவர் மழைக்குப் படியில் நிற்பார், அவள் டீ கொடுப்பாள், ஒரு வருஷம் இரண்டாகும், இரண்டு பதினொன்றாகும். வேண்டாம் என்று உள்ளே ஏதோ கத்தியது. வாய்க்குள் அந்தப் பழைய சொல்லின் முதல் எழுத்துக்கு உதடு ஒட்டிக்கொண்டுவிட்டது, ஒட்டிய உதட்டைப் பிய்த்துப் பிரித்து, “வேண்டாம்” என்றாள் உரக்க. அவர் முகம் விழுந்தது. ஐயோ, இது வேறு அர்த்தம் ஆகிவிட்டதே என்று பதறி எழுந்தாள். “ஒரு வருசம் வேண்டாம்னு சொல்லுதேன். எனக்குச் சம்மதம். இந்த ஞாயித்துக்கெழமையே ஓல வாசிக்கச் சொல்லிருவோம்.”

ஓலை என்றால் ஊருக்கே தெரிகிற காரியம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் மூன்று ஞாயிறு வேதக்கோயில் ஆராதனையில் பெயர் வாசிப்பார். வாசித்த பிறகு பாக்கலாம் என்று ஒருத்தி சொல்ல முடியாது. தனசிங் படியில் நின்றபடியே தூணைப் பிடித்துக்கொண்டார். “இந்த ஞாயிறா?” என்றார். “இந்த ஞாயிறுதான்.” “அதுக்குப் பேரு குடுக்கணும்லா.” “குடுக்கணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அஞ்சு மணிக்குக் கோயில் ஆபீஸப் பூட்டிருவாங்க.” அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரிக்கவா அழவா என்று தெரியாத ஒரு முகம், அந்த முகத்தைப் பதினோரு வருஷத்தில் அவள் பார்த்ததில்லை, எவ்வளவு அழகான முகம் என்று நினைத்தாள், நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை. கதவைச் சாத்தி, ஷட்டரை இழுத்து விட்டாள். வேலைநாளில் நாலு மணிக்கு இந்தக் கடைக்கு ஷட்டர் விழுந்து யாரும் கண்டதில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே வந்து நின்றார், எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றாள், மெர்சி டீச்சர் வீட்டு ஜன்னல் திறந்தது. எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும். “நீங்க ஆட்டோல வாரியளா?” என்று தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார் தனசிங். “எதுக்கு? வண்டி இருக்குல்லா” என்று அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். டி.வி.எஸ். ஒரு தரம் திணறி, பிறகு கிளம்பியது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, “பிடிச்சுக்கிடுங்க” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சுகிர்தா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.